ஒரே டிஸ்க், நான்கு விலை

இயங்குதளங்களை ஒப்பிடும் கட்டுரை என்றாலே ஓர் அட்டவணை வந்துவிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று பத்திகள், வரிசையாக வசதிகளின் பெயர்கள், எதிரே டிக் குறிகள். அதிக டிக் வாங்கியது எதுவோ அதுவே சிறந்தது என்று தீர்ப்பு. வாங்குபவருக்கு இதைவிடக் குறைவாகப் பயன்படும் ஒப்பீடு வேறில்லை என்று நினைக்கிறேன். அதற்கான காரணம் 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

விஸ்டாவுக்கு ஆறு பதிப்புகள்: ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட். இவற்றில் கடையில் பெட்டியாக வாங்கக் கூடியவை நான்கு. அமெரிக்காவில் ஹோம் பேசிக்கின் விலை 199 டாலர், அல்டிமேட்டின் விலை 399 டாலர். ஆனால் எந்தப் பெட்டியை வாங்கினாலும் உள்ளே இருந்த டிவிடியில் நான்கு பதிப்புகளுமே இருந்தன. நிறுவும்போது நாம் தட்டும் 25 எழுத்துச் சாவிதான் எது திறக்கும், எது திறக்காது என்பதை முடிவு செய்தது. பிறகு மனம் மாறினால் கூடுதல் பணம் கட்டி இன்னொரு சாவி வாங்கலாம்.

ஆகவே ஒரு வசதி ஓர் இயங்குதளத்தில் இல்லை என்றால், அதை இன்னும் செய்யவில்லையா, செய்து வைத்துப் பூட்டியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். டிக் குறிகளின் அட்டவணை இந்த இரண்டையும் ஒரே வெற்றுக் கட்டமாகக் காட்டிவிடுகிறது.

செய்யப்படாத வசதிகளைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. அவை எப்படியும் வந்து சேர்ந்துவிடும். ஒரே திரையில் பல மேசைகளை வைத்து மாற்றி மாற்றி வேலை செய்யும் வசதி யூனிக்ஸ், லினக்ஸ் திரைகளில் 1990-களிலேயே இருந்தது. மேக்குக்கு 2007-இல் வந்தது, விண்டோஸுக்கு 2015-இல். சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் அது பாதித் திரையை நிறைக்கும் வசதியை விண்டோஸ் 7 2009-இல் கொண்டுவந்தது. மேக்கில் அது உள்ளமைந்த வசதியாக வர 2024 ஆகிவிட்டது. ஒரே கட்டளையில் மென்பொருளைத் தேடி நிறுவித் தரும் ஏற்பாட்டை டெபியன் லினக்ஸ்காரர்கள் 1990-களிலேயே பயன்படுத்தினார்கள். விண்டோஸில் அதற்கு ஈடான விங்கெட் 2020-இல்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2019-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள் லினக்ஸின் மையக் கருவான உண்மையான லினக்ஸ் கெர்னலையே வைத்துத் தருவதாக அறிவித்தது. 'எங்களிடம் இது இருக்கிறது, அவர்களிடம் இல்லை' என்ற பெருமை எந்தப் பக்கத்திலும் அதிக நாள் நிற்பதில்லை.

பூட்டிய வசதிகளின் கதை அப்படியல்ல. பூட்டு விஸ்டாவுக்கும் முந்தையது. 1996-இல் விண்டோஸ் என்டி 4.0, ஒர்க்ஸ்டேஷன் என்றும் சர்வர் என்றும் இரண்டாக வந்தது. சர்வரின் விலை மிகவும் அதிகம். ஒர்க்ஸ்டேஷனில் ஒரே நேரத்தில் பத்துக் கணினிகளுக்கு மேல் வந்து இணைய உரிமம் இடம் தரவில்லை. இரண்டும் வெவ்வேறு வேலைக்காக உருவானவை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. மார்க் ருசினோவிச், ஆண்ட்ரூ ஷுல்மன் என்ற இருவர் இரண்டையும் ஆராய்ந்து, உள்ளே இருக்கும் கெர்னல் ஒன்றுதான் என்று காட்டினார்கள். கணினி தொடங்கும்போது ரெஜிஸ்ட்ரியில் உள்ள அமைப்பைப் படித்துவிட்டு, அந்தக் கெர்னல் ஒர்க்ஸ்டேஷனாகவோ சர்வராகவோ நடந்துகொண்டது. ருசினோவிச் பத்தாண்டுகள் கழித்து மைக்ரோசாஃப்ட்டிலேயே சேர்ந்து, அசூர் மேகக் கணிமைப் பிரிவின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலரானார்.

விலையைப் பல படிகளாகப் பிரிப்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் நிறுவனம் அதற்கான வசதிக்குப் பணம் கொடுக்கட்டும், வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவர் குறைவாகக் கொடுக்கட்டும். எக்ஸ்பி காலத்தில் ஹோம், புரொஃபெஷனல் என்று இருந்த பிரிவினை ஏறத்தாழ இந்த அளவில்தான் இருந்தது. ஆனால் குறைந்த விலைப் படியில் நிற்பவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். 2004 முதல் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கும், இந்தி மொழியில் இந்தியாவுக்கும் விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் எடிஷன் வந்தது. அதில் ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாது. முதன்முதலாகக் கணினி வாங்கும் எளிய குடும்பத்துக்காக என்று சொல்லி விற்ற பொருளில், நான்காவது நிரலைத் தடுப்பதற்கென்றே தனியாக நிரல் எழுதிச் சேர்த்திருந்தார்கள். சிறிய நெட்புக் கணினிகளில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் மூன்று நிரல் கட்டுப்பாடு போய்விட்டது. அதில் திரையின் பின்னணிப் படத்தை மாற்ற முடியவில்லை. ஒரு படத்தை மாற்றுவதற்கு எந்தக் கணினிக்கும் கூடுதல் வலு தேவையில்லை.

இன்றைய விண்டோஸ் 11-க்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் மடிக்கணினிகளில் பலவற்றில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற பதிப்பு இருக்கும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வெர்' என்ற கட்டளையைத் தட்டினால் எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். சிங்கிள் லாங்குவேஜ் என்றால் திரை மொழி ஒன்றுதான். ஆங்கிலத்தில் வாங்கிய கணினியில் தமிழில் தட்டலாம், தமிழில் படிக்கலாம், ஆனால் மெனுக்களையும் அமைப்புப் பக்கங்களையும் தமிழுக்கு மாற்றப் போனால், உங்கள் உரிமம் ஒரே மொழிக்கானது என்று செய்தி வரும். ஆங்கிலம் அறியாத அம்மாவோ அப்பாவோ அந்தக் கணினியைப் பயன்படுத்தத் தமிழ்த் திரை வேண்டும் என்றால் உயர்ந்த பதிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். பல மொழிகள் பேசும் நாட்டில் ஒற்றை மொழிப் பதிப்பு இவ்வளவு பரவலாக விற்பதும், கடையில் அதை யாரும் எடுத்துச் சொல்லாததும் எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி.

ஹோமுக்கும் புரோவுக்கும் இடையில் இன்னும் சில பூட்டுகள் உண்டு. வேறோர் இடத்திலிருந்து உங்கள் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யும் ரிமோட் டெஸ்க்டாப் ஹோமில் ஒருபக்கம்தான்; இங்கிருந்து போகலாம், இங்கே வர முடியாது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி, கணினிக்கான விதிகளை வகுக்கும் குரூப் பாலிசி ஆகியவை புரோவுக்கு. புதுப்பித்தல்களைத் தள்ளிவைக்கும் உரிமையும் விண்டோஸ் 10 வந்த 2015-இல் புரோவுக்கு மட்டுமே இருந்தது. ஹோம்காரர்கள் அதை 35 நாள் நிறுத்திவைக்க 2019 வரை காத்திருந்தார்கள்.

டிஸ்க் மறையாக்கத்தை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. மடிக்கணினி பேருந்தில் தொலைந்தால் உள்ளே இருக்கும் ஆதார் நகலையும் வங்கி விவரங்களையும் காப்பது அது ஒன்றுதான். முழுக் கட்டுப்பாட்டுடன் கூடிய பிட்லாக்கர் புரோவில் இருக்கிறது. ஹோமில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற எளிய வடிவம், அதுவும் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்த்துத்தான். அண்மைய வெளியீடுகளில் புதிதாக நிறுவும்போது அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மதர்போர்டு மாற்றியபின் ஒருநாள் நீலத்திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும்போதுதான் தெரியும். கணக்கின் கடவுச்சொல்லும் மறந்துபோயிருந்தால் குடும்பப் படங்கள் அத்தனையும் அந்தச் சாவிக்குப் பின்னால் நின்றுவிடும். காக்கப்படுபவருக்கே தெரியாமல் காப்பது பாதி வேலைதான்.

ஆப்பிளின் வழி வேறு. மேக்கில் ஹோம், புரோ என்று இரண்டு கிடையாது. 2001 மார்ச்சில் 129 டாலருக்கு வந்த மேக் ஓஎஸ் டென், 2009-இல் 29 டாலரானது, 2013-இல் இலவசமாகிவிட்டது. முழு டிஸ்க் மறையாக்கமான ஃபைல்வால்ட் எல்லா மேக்கிலும் உண்டு. மிகக் குறைந்த விலை மேக்புக் ஏரிலும் இருக்கும். திரை மொழியை மாற்றத் தனிக் கட்டணம் இல்லை. இந்த இடத்தில் ஆப்பிளை மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அங்கே பூட்டு வன்பொருளில் இருக்கிறது. ஆப்பிள் செய்யாத கணினியில் அந்த இயங்குதளத்தை நிறுவ உரிமம் அனுமதிப்பதில்லை. 2020-இல் வந்த எம்1 சில்லு முதல் நினைவகம் சில்லோடு சேர்ந்தே வருகிறது. வாங்கும் நாளில் 8 ஜிபி எடுத்தால் கடைசிவரை 8 ஜிபிதான். காலக்கெடுவையும் ஆப்பிள் மட்டுமே முடிவு செய்கிறது. 2019-இல் வந்த கேட்டலினா 32 பிட் நிரல்களை ஒரேயடியாக நிறுத்தியது; முந்தைய நாள் வரை ஓடிய ஆஃபிஸ் 2011 புதுப்பித்த மறுநாள் திறக்கவில்லை. இன்டெல் சில்லோடு கூடிய மேக் புரோ 2023 ஜூன் வரை விற்பனையில் இருந்தது, தொடக்க விலையே 5,999 டாலர். இன்டெல் மேக்குகளுக்கான கடைசி இயங்குதளம் 2025-இல் வந்த டாஹோதான் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் சில காலம் வரும். ஆனாலும் 2023-இல் அந்த விலை கொடுத்து வாங்கிய ஒரு கருவிக்கு, வாங்கிய இரண்டே ஆண்டில் புதிய வெளியீடுகளின் கதவு மூடப்போகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டது.

அன்றாட வேலையில் இன்னொரு சிறு சுவரும் உண்டு. கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர் படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டுத் தருகிறார். அது விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆனது. மேக்கில் செருகினால் படங்கள் எல்லாம் தெரியும், திறக்கும், ஆனால் ஒரு கோப்பைக்கூட அதில் திருப்பி எழுத முடியாது. வட்டு பழுது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். என்டிஎஃப்எஸ்ஸில் எழுதும் வசதியை ஆப்பிள் தரவில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் கெர்னலில் 2021-இல் முழுமையான என்டிஎஃப்எஸ் இயக்கி சேர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஓட வேண்டிய டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து தரச் சொல்வது நல்லது.

லினக்ஸுக்கு எத்தனை பதிப்புகள் என்று எண்ணி முடிக்க முடியாது. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலை அறிவித்தார். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய க்னூ திட்டத்தின் கருவிகள் அதோடு சேர்ந்தன. 1993-இல் ஸ்லாக்வேரும் டெபியனும் வந்துவிட்டன. 2004-இல் டெபியனிலிருந்து உபுண்டு பிறந்தது. கேட்டவருக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் குறுந்தகடு அனுப்பிவைத்தார்கள். உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்ட். இவை விலைப் படிகளாக உருவானவை அல்ல. கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபட்டவர்கள் தனித்தனியே கட்டிக்கொண்ட வீடுகள். ஒன்றில் இருக்கும் வசதியை இன்னொன்றில் நிறுவ எந்தச் சாவியும் தேவையில்லை.

இந்தத் திறந்த அமைப்பின் வலிமை 2020 டிசம்பரில் தெரிந்தது. உலகெங்கும் சர்வர்களில் ஓடிய சென்ட் ஓஎஸ் 8-ஐ 2029 வரை பராமரிப்பதாக இருந்த ரெட் ஹேட் நிறுவனம், அதை 2021 இறுதியோடு முடிக்கப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் அதே மூல நிரலிலிருந்து வெளிவந்து, நின்ற இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தன. விண்டோஸிலோ மேக்கிலோ இப்படி ஒன்று நடக்கவே வழியில்லை.

ஆனால் லினக்ஸ் அன்பர்கள் சொல்லாமல் விடும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே நிரல் டெப், ஆர்பிஎம், ஸ்னாப், ஃபிளாட்பேக் என்று நான்கு வடிவங்களில் வரும். எதை எடுப்பது என்று புதியவருக்குச் சொல்ல ஆளில்லை. கைரேகை உணரிகளும் சில வைஃபை சில்லுகளும் இன்னும் தகராறு செய்கின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை நம் ஊர்க் கடைக்காரரின் கணக்கு. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். அடோபியின் ஃபோட்டோஷாப், இன்டிசைன் எதுவும் லினக்ஸுக்கு வந்ததில்லை. மளிகை மொத்த வியாபாரியிடமும் டிடிபி கடைக்காரரிடமும் போய் லினக்ஸின் சுதந்திரத்தைப் பேசுவது நேர்மையாகாது. அவர்களுடைய பிழைப்பு அந்த ஒரே நிரலில் இருக்கிறது. அவர்களுக்கு விண்டோஸ்தான், அதிலும் புரோ. உபுண்டுவும் இப்போது 'புரோ' என்ற பெயரில் கணக்குப் பதிவு செய்தவர்களுக்குக் கூடுதல் ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. தனிநபருக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம்தான். இருந்தாலும் படிகள் அங்கேயும் முளைக்கத் தொடங்கிவிட்டன.

தமிழ் எழுதுபவருக்கு இந்த ஒப்பீட்டில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. விண்டோஸ் 95, 98 காலத்தில் இயங்குதளத்துக்குத் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களை வைத்துச் சமாளித்தோம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியீட்டு முறை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. விண்டோஸ் 2000-இல் யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் வந்தன. எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய, கன்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கட்டத்தில் டிக் போட்டு, நிறுவல் குறுந்தகட்டைச் செருக வேண்டும். குறுந்தகடு இல்லாத வீடுகளில் தமிழ் இணையதளங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

2005-இல் வந்த மேக் ஓஎஸ் டைகரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ்99 ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருந்தன. அரசு தரமாக அறிவித்த விசைப்பலகையை விண்டோஸ் 2019-இல்தான் சேர்த்துக்கொண்டது. அதுவரை இன்ஸ்கிரிப்ட் வழி வந்த விசைப்பலகை ஒன்றைத்தான் அது தந்தது. விண்டோஸில் தமிழ் எழுதிய தலைமுறையே இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி, முரசு அஞ்சல் போன்றவற்றின் தோளில் ஏறித்தான் எழுதியது. லினக்ஸில் விசைப்பலகையைச் சேர்த்ததும் மெனுக்களைத் தமிழாக்கியதும் தன்னார்வலர்கள். பெரும்பாலும் இரவு வேலையாக, சம்பளமில்லாமல். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

எழுத்துருவில் இன்றும் ஒரு சிக்கல் தொடர்கிறது. விண்டோஸ் 10 முதல் லதா இயல்பாக நிறுவப்படுவதில்லை, விருப்பக் கூறுகளின் பட்டியலில் போய்விட்டது. பழைய வேர்டு கோப்பை அது இல்லாத புதிய கணினியில் திறந்தால் நிர்மலா எழுத்துரு வந்து உட்காரும், வரிகள் நகரும், பக்க எண்கள் மாறும். அமைப்புகளில் விருப்பக் கூறுகளுக்குப் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் சரியாகிவிடும். புத்தக வடிவமைப்பில் இருப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அரசுகளும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. 2007 வாக்கில் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சுசே லினக்ஸுக்கு மாறியது. அதே 2007-இல் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை, டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. சேர்ந்து வந்ததே தவிர, பாஸைச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு வரவில்லை. பக்கத்தில் கேரளம், பள்ளிகளுக்கான லினக்ஸையும் பாடப்புத்தகத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் ஒன்றாகக் கொண்டுபோனதால் அங்கே அது நிலைத்தது. இங்கே நல்ல தொடக்கம் ஒன்று கைநழுவிப்போனது என்றே கருதுகிறேன்.

இப்போது பலருடைய மேசையில் இருக்கும் அவசரக் கேள்வி விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். 2016-இல் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஐ7 மடிக்கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் தேர்வில் தோற்றுவிடும். பாதுகாப்புக்காக இந்த வரம்பு என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதில் உண்மை உண்டு. ஆதரவு முடிந்த இயங்குதளம் ஆபத்தானது என்பதை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் காட்டிவிட்டது. 2014-லேயே கைவிட்ட எக்ஸ்பிக்கு 2017 மே மாதம் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டிய நிலை அந்த நிறுவனத்துக்கே வந்தது. ஆகவே 'ஓடுகிறவரை ஓடட்டும்' என்று இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது சரியல்ல.

வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. அமைப்புகளில் புதுப்பித்தல் பக்கத்துக்குப் போய் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த அவகாசத்தில், காலியான 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட்டை எழுதி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்கிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, வீட்டுப் பிரின்டர் ஒரு பக்கம் அச்சிடுகிறதா, தமிழ்99-ஐச் சேர்த்து நாலு வரி தட்ட வருகிறதா, மூடிய மடிக்கணினியைத் திறந்தால் விழிக்கிறதா என்று ஒரு மாலை சோதித்தால் போதும். நான்கும் சரியாக இருந்தால் முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். நிறுவும் பொத்தானை அதற்குப் பிறகு அழுத்தலாம்.